ஒரு விரல் கூடுதல்

7

மச்சான் விழுந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். சர்வேயர் நாற்காலியை விட்டு அசையவில்லை. மச்சான் விழுவதும் எழுவதும் அவருக்குப் பழகிப்போன சங்கதி.

"அடி பட்டுதாப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. உங்க மாடியைத்தான் நெத்தியால முட்டிட்டேன். கீறல் விட்டிருந்தா சொல்லுங்க, அத்தான் பூசிக் குடுத்துடுவாரு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "அந்தக் கடைசிப் படி அப்படித்தான். இந்த வீட்டுக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை கும்பிட்டுட்டுத்தான் மேல போவாங்க. எங்களுக்குக் கால் பழகிடுச்சு."

சர்வேயர் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் இடிந்த சுவர்களையும் அளந்துகொண்டிருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் பலகை மாட்டிய பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் கிடந்தவனை, "இவனையும் கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். கேட்டுப் பார்க்கிற குரலில் அவள் எதையும் சொல்வதில்லை. அன்றிலிருந்து இவனும் கூடவே வருகிறான். அவர் கூப்பிடுவதைப் பார்த்துத் தெருவே அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தது. கல்யாணமாகாத பெண்கள் மட்டும் தவிர்த்துவிட்டார்கள்.

"உங்க தங்கச்சிதான் இந்த வீட்டை வரைஞ்சாங்களா?" என்று சர்வேயர் கேட்டார்.

"அவதான். காலேஜ்ல படிக்கும்போதே. வேற யாரும் வந்து எட்டிக்கூடப் பாக்கல. அவ படம் போட்டா, மேஸ்திரி கட்டினாரு, நான் கூட நின்னு சண்டை போட்டேன்."

"நூலகத்துக்கு அவங்க போட்ட படம், பென்சில்ல கிறுக்கின காகிதம், ஏதாவது இங்க இருக்கா?"

"இருந்தா நான் உங்களைத் தேட விடுவேனா? எல்லாம் அந்த ஆபீஸ்லயே போச்சு. அவளையும் வெளியில அனுப்பிட்டாங்க."

இரண்டு பேரும் வெறுங்கையோடு ஸ்கூட்டரில் ஏறினார்கள்.

வழக்கு இதுதான். வீட்டுக்காரம்மாவின் தங்கையான வரைவாளர் அம்மா, பெரிய ஆர்க்கிடெக்ட் ஒருவரின் ஆபீசில் நெடுங்காலம் வேலை பார்த்தார். அவர் வரைவார், முதலாளி கையெழுத்துப் போடுவார். பாதி ஊர் அப்படித்தான் எழும்பியது. ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் வாசலில் எழுதி மாட்டிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட முத்திரை உள்ளவர் ஒருத்தர் கிடைத்தால் போதும். பிறகு புதுச் சட்டம் வந்தது. பதிவு எண் இல்லாதவர் இனி எந்தக் கட்டடத்தையும் வரையக் கூடாது. எண் உள்ளவர் அடுத்தவர் வரைந்ததற்கு முத்திரை குத்தக் கூடாது. குத்தியவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. பட்டம் இல்லாமல் இவ்வளவு காலமும் வரைந்தவர்கள், தாமே முழுக்க வரைந்த ஒரு கட்டடத்தைப் பதிவு மன்றத்தின் முன்னால் நிரூபித்தால் அவர்களுக்கும் எண் கிடைக்கும். அதற்கும் அதே நாள்தான் கெடு.

அந்த நாள் நாளைக்கு.

வரைவாளர் அம்மா படித்தது மாலைக் கல்லூரியில். அது மூடி வருஷங்களாகிறது. அங்கே வாங்கிய பட்டத்தைப் புதுச் சட்டம் பட்டமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நூலகத்தைத் தன் கட்டடமென்று காட்டி விண்ணப்பித்தார். நூலகம் விருது வாங்கிய கட்டடம். விருது ஆர்க்கிடெக்டின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. அவர் அதைக் கழற்றத் தயாராக இல்லை. 'நூலகம் என்னுடையது, அந்தப் பொண்ணு கோடு இழுத்தவ' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மன்றம் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தது. நாளைக்குள் நிரூபிக்க முடியாவிட்டால் அந்த அம்மா அதற்கடுத்த நாள் ஒரு கழிப்பறைக்குப் படம் போட்டாலும் குற்றம்.

"அதாவது அத்தான், நேத்து வரைக்கும் பென்சில் இருந்தா ஆர்க்கிடெக்ட். இனிமே நம்பர் இருந்தாத்தான். கைதிக்கும் அப்படித்தானே?"

"வண்டியை ரோட்டைப் பார்த்து ஓட்டு."

நூலகம் நன்றாகத்தான் இருந்தது. சர்வேயர் கட்டடங்களைப் பார்த்து மயங்குகிற ஆளில்லை; அவர் பார்த்ததெல்லாம் அவை செத்த பிறகுதான். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். ஜன்னலோர மேஜைகளில் விழுந்த வெயில் படிக்கிறவர் கண்ணைக் குத்தாமல் புத்தகத்தின் மேல் மட்டும் படுத்திருந்தது. வாசலில் ஆர்க்கிடெக்டின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அவர் மேல் வெயில் படவில்லை.

மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். "லிஃப்ட்ல போங்க" என்று நூலகர் மேஜையிலிருந்தே கையைக் காட்டினார். மச்சான் அதற்குள் நாற்காலியைத் தாண்டிப் பாதி ஏறியிருந்தான். சர்வேயர் கூப்பிட வாயெடுத்தார். தொப்பென்று சத்தம் கேட்டது.

"அத்தான்!" மேல்தளத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "படிக்கட்டுங்க எல்லாம் சேர்ந்து என் மேல கேஸ் போட்டிருக்கா?"

"எந்தப் படி?"

"வலிக்குதான்னு கேக்க மாட்டீங்களா?"

"எந்தப் படிடா?"

"கடைசிப் படி. அந்தம்மா அக்கா வீட்ல விழுந்தேனே, அச்சு அசலா அதே மாதிரி. காலைச் சரியாத்தான் தூக்கினேன். படிதான் கொஞ்சம் ஏறி உக்காந்திருக்கு."

சர்வேயர் ஏறிப் போய்க் குந்தினார். ஒரு படியின் உயரத்தைச் சாணிட்டுப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். இரண்டும் சரியாக ஒரு சாண். கடைசிப் படிக்குச் சாண் பத்தவில்லை. ஒரு விரலைப் படுக்கவைத்தார். சரியாகப் பொருந்தியது.

"மாடித் தளத்தோட மேல கலவை கொட்டிக் கல்லு பதிப்பாங்க. தளம் உயர்ந்துடும். படி மேல அவ்வளவு கனமாப் போட மாட்டாங்க. வரையும்போதே அந்தக் கனத்தைச் சேர்த்துப் படியைப் பங்கு போடணும். மறந்தா கடைசிப் படி மட்டும் கூடிடும்."

"கொத்தனார் தப்பா?"

"கொத்தனார் படத்துல இருக்கிறதைக் கட்டறவன். இது பென்சிலோட தப்பு. சில பேருக்குப் பேசும்போது திக்கற மாதிரி. தனக்கே தெரியாது, அடுத்தவங்களுக்கு நல்லாக் கேக்கும்." சர்வேயரின் கண் கொஞ்சம் மின்னியது. "அக்கா வீட்டுப் பக்கம் ஆர்க்கிடெக்ட் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. அங்கயும் இதே தப்பு, இங்கயும் இதே தப்பு. அப்போ ரெண்டையும் வரைஞ்ச கை எது?"

"அத்தான், இதை நான் கண்டுபிடிச்சேன்னு எங்க அக்காகிட்ட சொல்லணும். முழங்காலைக் காட்டறேன்."

இறங்கி வந்தபோது கீழே ஒருவர் காத்திருந்தார். செய்தித்தாள் மேஜையிலிருந்து எழுந்து வந்தவர். சட்டைப் பையில் பேனா, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. எதிர்ச் சாரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என்று நூலகர் பின்னால் சொன்னார்.

"நீங்களும் விழுந்தீங்களா?" என்று மச்சானைக் கேட்டார்.

"விழலைங்க. லேசா உக்காந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து மச்சானின் காலைப் பார்த்தார். "உங்க செருப்பு பழசுதானே?"

"இதுவா? இதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

"ம்." கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரி இங்கதான் விழுந்தா. போன மாசம். மேலேயிருந்து இறங்கும்போது. புதுச் செருப்பு. அதான் வழுக்கிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க." பேனாவை எடுத்தார், திரும்பப் பையில் செருகினார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

மச்சான் சர்வேயரைத் திரும்பிப் பார்த்தான். சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க என்ன விசாரிக்கிறீங்க?"

"இந்தக் கட்டடத்தை யார் வரைஞ்சாங்கன்னு. நாளைக்குப் பதிவு மன்றத்துல விசாரணை இருக்கு."

"யார் வேணா வந்து உக்காரலாமா?"

"உக்காரலாம்" என்றார் சர்வேயர். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. பணம் கொடுத்துக் கூப்பிட்டது வரைவாளர் அம்மா.

அடுத்து வங்கி. வரைவாளர் அம்மா பிரசவ விடுப்பில் இருந்த சமயத்தில் ஆர்க்கிடெக்ட் தன் கையாலேயே வரைந்த கட்டடம் அது. மச்சான் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். காவலாளி தடியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன சார் வேணும்?"

"விழுறதுக்கு இடம் தேடறேன்."

"அதுக்கு லோன் கவுன்டர் கீழ இருக்கு."

மச்சான் விழாமலே இறங்கி வந்தான். அதே ஆபீஸ், அதே முத்திரை, ஆனால் எல்லாப் படியும் ஒரே உயரம். பிறகு, அந்த அம்மா வேலைக்குத் திரும்பிய பின் கட்டிய பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மச்சானின் இன்னொரு முழங்காலும் சிராய்த்தது. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

ஆபீசிலிருந்து துரத்தப்பட்ட பிறகு வரைவாளர் அம்மா ஒரு பிரிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அடுத்தவர் வரைந்த கட்டடங்கள் இயந்திரத்திலிருந்து சுருள்சுருளாக வந்தன. அவர் ஓரத்தை வெட்டி மடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது.

"மேடம், கிடைச்சிடுச்சு!" மச்சான் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். "படிக்கட்டே உங்க பேரைச் சொல்லுது."

அவர் கை நின்றது. எந்தப் படிக்கட்டு என்று கேட்கவில்லை. என்ன படிக்கட்டு என்றும் கேட்கவில்லை.

சர்வேயருக்கு அதுவே போதும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"வேற எதுவும் கிடைக்கலையா சார்? ஜன்னல்? அந்த வெளிச்சம் உள்ள வர்ற விதம்? அது எப்படி வரணும்னு நான் எவ்வளவு..."

"வெளிச்சத்தைக் கூண்டுல ஏத்தி சாட்சி சொல்ல வைக்க முடியாதும்மா. அவர் நாந்தான் யோசிச்சேன்னு சொல்லுவாரு. தப்புதான் திருட முடியாதது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நூலகத்துல அந்தம்மா விழுந்து செத்துப்போன மறுநாள் போய்ப் பார்த்தேன். அக்கா வீட்டுப் படிக்கு இத்தனை வருஷமா மேஸ்திரியைத் திட்டிக்கிட்டிருந்தோம். பாவம், அவர் என் முன்னாடியே தலையைச் சொறிஞ்சுட்டு நிப்பாரு. நூலகத்துப் படியில விரல் வச்சுப் பார்த்தப்போதான் தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சுது."

"இவ்வளவு நாள்ல யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்றான் மச்சான்.

"யார் சொல்லுவாங்க? நான் ஆபீஸை விட்டு வெளிய போனதே இல்ல. கட்டடம் பார்க்கப் போறது அவர். நான் வரையிறதோட சரி. திறப்பு விழாவுக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்க."

இயந்திரம் இன்னொரு வீட்டைத் துப்பியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடம் சார்" என்றார் அவர். "வடிவமைப்புக் கோளாறால ஒரு உயிர் போயிருந்தா, அந்தக் கட்டடத்தைக் காட்டி நம்பர் வாங்க முடியாது. வரைஞ்சவங்க மேல போலீஸ்ல கேஸ் குடுத்தே ஆகணும்."

"அப்போ வேற கட்டடத்தைக் காட்டியிருக்கலாமே? பல் ஆஸ்பத்திரி இருக்கே. சும்மா சொல்லக் கூடாது, அங்க விழுந்தது சுகமா இருந்துச்சு."

"விண்ணப்பம் போட்டது அந்தம்மா விழறதுக்கு முன்னாடிப்பா. ஒரே ஒரு கட்டடம்தான் காட்டலாம். மாத்த முடியாது. அதான் படியைத் தொடாம வேற ஏதாவது சாட்சி கிடைக்காதான்னு இவர்கிட்ட வந்தேன்."

"என் கண்ணைக் கட்டிவிட்டுத் தேடச் சொல்லியிருக்கீங்க" என்றார் சர்வேயர்.

"ஆமா சார். தப்புதான். நாளைக்கு அப்புறம் நான் யாரு? காகிதம் வெட்டறவ. ஒரு வீடாவது என் பேர்ல நிக்கட்டும்னு நினைச்சேன். பேராசைதான்." கத்தரியை எடுத்துக்கொண்டார். "படியைப் பத்தி மன்றத்துல சொல்லாதீங்க."

"நானா வாயைத் திறக்க மாட்டேன். ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாங்க. என்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்ல."

வெளியே வந்ததும் மச்சான் வண்டியைக் கிளப்பவில்லை. "அத்தான், அந்த மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தலையில சுமந்துக்கிட்டுத் திரியறாரு."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொன்னா இறக்கி வச்சிடுவாரு."

"நாம யாருக்கு வேலை செய்யறோம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கேக்கறேன்?"

மறுநாள் பதிவு மன்றம் நிறைந்திருந்தது. கெடு முடிகிற நாள். சுவரோரமாக வரிசை வரிசையாக ஆட்கள். மடியில் சுருட்டிய படங்கள், முகத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைக் களை. தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. குறுக்கே பேசினால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், பேசியவர் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் மருந்துக்கடைக்காரர்.

வரைவாளர் அம்மா முதலில் பேசினார். ஜன்னலைப் பற்றிச் சொன்னார். வெயில் எந்த மாதத்தில் எந்த மேஜை வரைக்கும் வரும் என்று சொன்னார். தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நீங்க யோசிச்சதுக்கு என்ன சாட்சி?" என்றார்.

அந்த அம்மா சர்வேயரைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். வேண்டாம்.

"இல்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆர்க்கிடெக்ட் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, மேடைப் பழக்கம் உள்ள கைகள். நூலகத்தைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால் கட்டடமே வெட்கப்பட்டிருக்கும். வரைவாளர் அம்மாவை, "நல்ல பொண்ணு, சொன்னதை வரையும்" என்றார். அவருக்கு எதிரில் இருந்த பெண்ணுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"இந்த நூலகத்துல ஒரு அம்மா விழுந்து இறந்ததா இங்க இருக்கே?" என்று தலைவி ஒரு தாளைத் தூக்கினார்.

"ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா அதுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லைங்க. புதுச் செருப்பு." ஆர்க்கிடெக்ட் கைகளை விரித்தார். "வழுக்கற செருப்பைப் போட்டுக்கிட்டு மாடிப்படியில துள்ளினா ஆர்க்கிடெக்ட் என்ன பண்ண முடியும்? செருப்புக்கும் ஒரு பதிவு எண் குடுக்கச் சொல்லணும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். இங்கே யார் சிரிக்கவைத்தாலும் சிரிப்பது நல்லது என்று நினைத்தவர்கள். கடைசி பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

மச்சான் வரைவாளர் அம்மாவின் பக்கம் சாய்ந்தான். சர்வேயர் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"பின்னாடி உக்காந்திருக்காரே, அவர்தான் அந்தச் செருப்பை வாங்கிக் குடுத்தவர்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். தலைவி அடுத்த கோப்பைக் கேட்டுக் கையை நீட்டிவிட்டார்.

"செருப்பு இல்லைங்க."

"என்னம்மா?"

"செருப்பால விழலைங்க." எழுந்து நின்றார். "மேல்தளத்துக்குக் கல்லு பதிச்ச கனத்தை நான் கணக்குல சேர்க்கல. கடைசிப் படி ஒரு விரல் கூடுதல். மேலேயிருந்து இறங்கும்போது கால் நினைச்ச இடத்துல தரை இருக்காது. யாரா இருந்தாலும் விழுவாங்க. வெறுங்கால்ல வந்தாலும் விழுவாங்க."

தலைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

ஆர்க்கிடெக்ட் புத்திசாலி. எரிகிற வீட்டிலிருந்து முதலில் வெளியே வருகிறவர்களுக்கு இருக்கிற புத்தி. அவர் முகத்தில் வியப்பு வந்தது, பிறகு கணக்கு வந்தது, கடைசியில் ஒரு துக்கம் வந்து செட்டிலானது.

"அம்மா, இனிமே மறைக்கறது முறையில்ல" என்றார் தலைவியிடம். "இந்தக் கட்டடத்தை நான் வரையல. முழுக்க இவங்கதான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வெயிலை நீங்கதான் உள்ள கொண்டு வந்ததா சொன்னீங்க."

"வாய் தவறிடுச்சு. மன்னிப்புக் கெடு இன்னைக்கு வரைக்கும் இருக்குதானே?"

"இருக்கு" என்றார் தலைவி. அந்த ஒரு சொல்லை அவர் கசப்பு மருந்து விழுங்குவது போலச் சொன்னார்.

நெடுங்காலமாக அந்த அம்மா கேட்க நினைத்த வாக்கியம். முழுக்க இவங்கதான். அது இப்போது சபையில், சத்தமாக, அவர் முதலாளியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

தலைவி சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்க தரப்பு ஆள்தானே? இந்தப் படி விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இது இவங்க தப்புதான்னு எப்படிச் சொல்றது? ஆர்க்கிடெக்ட் தப்பா இருக்கக் கூடாதா?"

சர்வேயர் எழுந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமாக ஒரு துப்பு கிடைத்ததில்லை. அக்கா வீட்டைச் சொன்னார். வங்கியைச் சொன்னார். பல் ஆஸ்பத்திரியைச் சொன்னார். ஒவ்வொன்றும் மற்றதைத் தாங்கிப் பிடித்தது. எங்கேயும் ஓட்டை இல்லை. சொல்லி முடித்தபோது தன் கட்சிக்காரரைத் தானே கட்டிப்போட்டிருந்தார். தலைவி, "நல்ல வேலை" என்றார். அவர் உட்கார்ந்தார். மச்சான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தீர்மானம் சீக்கிரமே வந்தது. ஆர்க்கிடெக்டுக்கு மன்னிப்பு, பதிவு எண் தொடரும். வரைவாளர் அம்மாவின் விண்ணப்பம் தள்ளுபடி, உயிர் போனது பற்றி போலீசுக்குப் புகார். தலைவி இரண்டையும் தாளைப் பார்த்தே படித்தார்.

ஆர்க்கிடெக்ட் வெளியே போகும்போது வரைவாளர் அம்மாவின் தோளைத் தொட வந்தார். மச்சான் நடுவில் நின்றான். "சார், வழி அந்தப் பக்கம். வழியில படி கிடையாது, தைரியமாப் போங்க."

மருந்துக்கடைக்காரர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். சர்வேயர் சட்டென்று எழுந்தார். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடிப்பாரா, கை கூப்புவாரா. அவர் வரைவாளர் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எந்தப் படின்னு சொன்னீங்க?"

"கடைசிப் படிங்க. மேலேயிருந்து வந்தா முதல் படி."

"சரி" என்றார். போய்விட்டார்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் அத்தான்" என்றான் மச்சான் தாழ்ந்த குரலில்.

"நான் திறந்திருக்கணும். நேத்தே, நூலகத்துல." சர்வேயர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "அந்தாளுக்கு ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இவங்களுக்கும் அந்தாள் முகம் தெரிஞ்சிருக்கும். நான் துப்பைப் பூட்டி வச்சிருந்தேன், கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டு."

முன்னால் எழுத்தர் போலீசுக்கான புகாரைத் தட்டிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தித் தலையைத் தூக்கினார்.

"அம்மா, இவங்க தொழில்னு என்ன போடறது? வரைவாளர்னு போட்டா இந்தப் பிரிவுல கேஸ் நிக்காதே. கட்டடத்துக்குப் பொறுப்பானவர்னு வரணும்."

தலைவி கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"ஆர்க்கிடெக்ட்னு போடுங்க."

விசைகள் தடதடத்தன. தாள் மேலேறி வந்தது. வரைவாளர் அம்மா மேஜையை நெருங்கி, எழுத்தர் அதை உருவுவதற்கு முன்னாலேயே எட்டிப் படித்தார்.

"இதுல எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

"குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு ஒண்ணு குடுத்தே ஆகணும்மா" என்றார் எழுத்தர். "சட்டம்."